தலையணை உறையும் ஏழாம் வாய்ப்பாடும்

மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கிறேன் என்று சொன்னால் ஜனங்கள் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். ஒன்று, நான் பெரிய படிப்பாளி என்று நினைப்பார்கள். இல்லாவிட்டால் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பார்கள். இரண்டும் இல்லை. நான் ஹோட்டல்களுக்குத் தலையணை உறை தைக்கிறவள். எல்லாம் வெள்ளை, எல்லாம் நேர்த்தையல், வாரத்துக்கு எட்டு மூட்டை. யார் யாரோ நிம்மதியாகத் தூங்க நான் தைத்துக்கொண்டிருக்கிறேன். நான் அப்படித் தூங்கி மூன்று வருஷம் ஆகிறது.

மகளுக்கு வீட்டில் பெயர் வக்கீல். அவள் அப்பா வைத்தது. பல் தேய் என்றால் எதற்கு என்பாள். காரணம் சொன்னால் அதில் ஓட்டை கண்டுபிடிப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு இரண்டாம் வகுப்பில் தினமும் காலை ஏழரைக்கு வயிற்று வலி வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. இருக்கிறது ஸ்கூல்லதான்" என்றார்.

ஸ்கூலில் என்ன என்று கேட்டால் வாயாடி வக்கீல் வாயைத் திறக்கமாட்டாள். "கத்துவாங்க" என்று ஒரே வார்த்தை. ஒருநாள் பள்ளிக்கூட கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்று நின்றாள். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நான்காவது விரலைப் பிரிக்கும்போது எனக்கே வெறுத்துவிட்டது. அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் மாதம் கால அட்டவணை எல்லாம் போட்டேன். நாலு கலர் பேனாவில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, மூன்றாவது மாதத்தில் இரண்டே பீரியடுதான் மிஞ்சியது. நான் தைக்கும்போது படிப்பது, நான் தைக்காதபோது படிப்பது.

நல்லதையும் சொல்ல வேண்டும். வயிற்று வலி போன இடம் தெரியவில்லை. வாரத்துக்கு ஆறு புத்தகம் நூலகத்திலிருந்து கொண்டுவந்து முடித்துவிடுவாள். எறும்புக்குத் தும்மல் வருமா என்று ஒருநாள் கேட்டாள். அதற்கு மூக்கு எங்கே இருக்கிறது, மூச்சு எப்படி விடுகிறது என்று தேடித் தேடி அந்தச் சாயங்காலமே ஓடிவிட்டது. எந்த வகுப்பில் அதற்கு நேரம் கொடுப்பார்கள்? அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு விடுமுறை வார நாளில்தான் வரும். மாடிப்படிக் கைப்பிடியில் கயிறு போட்டு இரண்டு வாளியைக் கட்டி, லிஃப்ட் ஏன் கீழே விழுவதில்லை என்று மகளுக்குச் செய்து காட்டுவார். அந்த மாதிரி நேரத்தில் நான் கதவோரம் நின்று, நாம் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி நினைக்கிற நேரம் வாரத்தில் ஒரு மணி நேரம் இருக்கும். மீதி நேரமெல்லாம் அவள் என் கூடவே இருந்தாள். குளியலறைக் கதவுக்கு அடியில் புத்தகத்தைத் தள்ளி, "அம்மா, மூணாவது வரி, இதுக்கு என்ன அர்த்தம்" என்பாள். அவளுக்கென்று ஒரு சிநேகிதி கிடையாது. மூட்டை எடுக்க வருகிற வேன் டிரைவர்தான் சிநேகிதர். அவருடைய ரத்த அழுத்தம் எவ்வளவு என்று அவர் மனைவிக்குத் தெரியுமோ என்னவோ, வக்கீலுக்குத் தெரியும்.

கணக்கு மட்டும் தையல் மெஷின் பக்கத்தில்தான் நடக்கும். நேர்த்தையலுக்குக் கண்ணும் காலும் போதும், வாய் சும்மாதான் இருக்கிறது. நான் தைத்துக்கொண்டே கேட்பேன். அவள் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு பதில் சொல்லி நோட்டில் எழுதுவாள். கடகடவென்று சொல்வாள். எப்போதாவது தப்பினாலும் உடனே திருத்திக்கொள்வாள். மற்ற பாடம் எப்படியோ, கணக்கில் என் மகளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நான் இறுமாந்திருந்தேன்.

திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் நாத்தனார் வந்துவிட்டார். எங்கே எது நடந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட ஆசிரியை.

"கடுதாசி வந்திருக்காமே" என்றார்.

"வந்திருக்கு அண்ணி. வீட்டுல படிக்கிற பிள்ளைங்களுக்குப் பத்து வயசானா ஒரு தேர்வு வைப்பாங்களாம். தேறலைன்னா பிரச்சினை."

"நான் அன்னைக்கே சொன்னேன். நீச்சலை நடுக்கூடத்துல படுத்துக்கிட்டுக் கத்துக்க முடியுமா?"

"நீங்க மட்டும் என்ன அண்ணி, தண்ணியில தள்ளிவிட்டுட்டு அட்டெண்டன்ஸ்தானே எடுக்கிறீங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "ஐம்பத்தெட்டுப் பிள்ளைங்க. யாரு மூழ்குறாங்க, யாரு நீந்துறாங்கன்னு பாக்கிறதுக்குள்ள வருஷம் முடிஞ்சிடுது" என்றார். செருப்பைப் போடும்போது திரும்பி, "ஆனா ஒண்ணு. நாலு மணிக்கு மணி அடிச்சா எனக்கு அன்னைக்கு வேலை முடிஞ்சுது. உனக்கு யாரு மணி அடிக்கிறா?" என்று கேட்டார்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் போனபிறகு அடுப்படியில் நின்றுகொண்டு ஒன்றை நினைத்தேன். அதை இங்கே மறைப்பதில் அர்த்தமில்லை. அவள் தேறாமல் போகட்டும் என்று நினைத்தேன். தேறாவிட்டால் அரசாங்கமே சொல்லிவிடும், அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம், நானாகக் கைவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா இது என்றால், ஆமாம், பெற்ற தாய்தான் நினைத்தேன்.

தேர்வு அந்த வாரமே வியாழக்கிழமை நடந்தது. அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் ஓர் அறை, உள்ளே நாலைந்து பிள்ளைகள், ஒரு பெண் அதிகாரி. பெற்றோர் வெளியே இருக்க வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். நடைவழியில் ஒரு மர பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு கதவு. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மூட்டை கட்டவேண்டியதில்லை, பதில் சொல்லவேண்டியதில்லை. பயந்துகொண்டிருக்க வேண்டிய நேரத்தில் சுவரில் தலையைச் சாய்த்து நான் தூங்கிவிட்டேன்.

தோளைத் தொட்டு எழுப்பியது அந்த அதிகாரி. மற்ற பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். வக்கீல் பெஞ்சின் மறுகோடியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. என்னை மட்டும் உள்ளே வரச் சொன்னார்.

"வாசிப்பு பிரமாதம்மா. கட்டுரையும் நல்லா எழுதியிருக்கா, லிஃப்ட்டைப் பத்தி. எனக்கே புதுசு" என்றார். பிறகு கணக்குத் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "இதைப் பாருங்க."

பார்த்தேன். அழகான கையெழுத்து. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில், ஐந்து பதில், நடுவில் காற்புள்ளி போட்டு வரிசையாக எழுதியிருந்தாள். எதையும் அடிக்கவில்லை.

"பெரும்பாலும் நாலுல ஒண்ணு சரியாத்தான் இருக்கு" என்றார் அதிகாரி. "எதும்மா உன் பதில்னு கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும், இங்கதான் மெஷின் இல்லையேங்கிறா."

"மெஷினா?"

"நீங்க தைச்சுக்கிட்டே சொல்லித்தருவீங்களாமே. பதில் சரியா இருந்தா மெஷின் ஓடிக்கிட்டே இருக்குமாம். தப்பா இருந்தா நின்னுடுமாம். மறுபடி ஓடுற வரைக்கும் மாத்தி மாத்திச் சொல்லுவாளாம்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கால் தெரிந்திருக்கவில்லை. தப்பான பதில் காதில் விழுந்தால் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன் என்பது எனக்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரியவந்தது. கடகடவென்று சொல்கிறாள், உடனே திருத்திக்கொள்கிறாள் என்று பெருமைப்பட்டேனே, அது இதுதான்.

"இதையும் பாருங்க" என்று ஒரு கேள்வியில் விரல் வைத்தார். ஆறேழு எவ்வளவு. நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு, நாற்பத்தெட்டு. "நாற்பத்திரண்டை ஏன் எழுதலைன்னு கேட்டேன். அதுக்கு ஒருதடவை நின்னுடுச்சுன்னா."

பாபினில் நூல் தீர்ந்திருக்கும். நூல் தீர்ந்தாலும் நான் நிறுத்துவேன். வேறு என்ன.

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் தாளைத் திருப்பி வைத்தார். "ரொம்ப மனசு விட்டுடாதீங்க. ஸ்கூல்ல பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதுறாங்க, உங்க பொண்ணு உங்களைக் கேட்டு எழுதுறா. நான் தினம் ரெண்டு வகையும் பாக்கிறேன்" என்றார். ஒரு படிவத்தைக் கொடுத்தார். அதில் இரண்டு கட்டங்கள். வீட்டிலேயே தொடர்ந்து ஆறு மாதத்தில் மறுபடி தேர்வு எழுதுவது ஒன்று, வருகிற பருவத்தில் பள்ளியில் சேர்வது இன்னொன்று. திங்கட்கிழமைக்குள் ஒன்றைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

நான் வேண்டியது பாதி நடந்துவிட்டது. அரசாங்கம் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முடிவு மறுபடி என் தலையில்தான் வந்து விழுந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "கெட்டிக்காரிதான். பதிலைத் தெரிஞ்சுக்காம, பதில் தெரிஞ்சவங்களைத் தெரிஞ்சு வெச்சிருக்கா. எங்க கம்பெனியில எல்லாரும் அப்படித்தான் சூப்பர்வைசர் ஆனாங்க." நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நீதான் அவகூட இருக்கே. நீ என்ன முடிவு பண்ணாலும் எனக்குச் சரி" என்றார். இந்த 'நீ என்ன முடிவு பண்ணாலும் சரி' இருக்கிறதே, எட்டு மூட்டையைவிடக் கனம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கை முழுக்க கிரீஸோடு வந்து நிற்கிற மனிதரிடம் வேறு என்ன கேட்பது.

சனிக்கிழமை காலை நான் ஒரு காரியம் செய்தேன். செய்திருக்கக்கூடாது. அதிகாரி சொன்னதை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. வழக்கம்போல மெஷினை ஓட்டிக்கொண்டே கேட்க ஆரம்பித்தேன், எது வந்தாலும் காலை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டு.

"ஏழெட்டு?"

"ஐம்பத்தி... நாலு."

ஓட்டினேன். எழுதிக்கொண்டாள்.

"எட்டெட்டு?"

"அறுபத்தாறு."

ஓட்டினேன். எழுதிக்கொண்டாள். ஒன்பது கேள்வி கேட்டேன், ஏழு பதில் தப்பு. ஒன்றில்கூட அவள் தயங்கவில்லை. மெஷின் ஓடுகிற தைரியத்தில் அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. தையல் கோணிக்கொண்டு உறையின் ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது. பத்தாவது கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. காலை எடுத்துவிட்டேன்.

"கடைசி மட்டும் தப்பா?" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"முக்கால்வாசி தப்பு."

நோட்டைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். "அப்ப ஏன் ஓட்டுன?"

"நீ என்ன பண்றேன்னு பாக்கத்தான்."

"ஏமாத்திட்ட."

ஆமாம் என்றேன். அவள் சொன்னது நியாயம். நோட்டை மூடிவிட்டு எழுந்து போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை பேசவில்லை. வக்கீல் பேசாத வீட்டில் சுவர்க்கடிகாரச் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை ஒதுக்கிவிட்டு படிவத்தை அவள் முன்னால் வைத்தேன். இரண்டு கட்டத்தையும் விளக்கினேன். "இது உன்னைப் பத்தினது. உனக்கு எது வேணும்?"

"வீட்டுலயே இருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டேன்.

"இல்ல, ஸ்கூலுக்குப் போறேன்." மறுபடி பார்த்தாள். "ஸ்கூல்தானே?" கொஞ்சம் பொறுத்து, "வீடாம்மா?" என்றாள்.

மெஷின் அந்த மூலையில் அணைந்துதான் கிடந்தது. அவள் என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள். நெற்றியை, உதட்டை, கண்ணை என்று ஒவ்வொன்றாக.

"எனக்குத் தெரியலடி" என்றேன்.

"தெரியலைன்னா?"

"நிஜமாவே தெரியல. இங்கயும் நல்லது இருக்கு, அங்கயும் நல்லது இருக்கு. கெட்டதும் அப்படித்தான்."

"நீ என்ன நினைக்கிற?"

"எனக்கு ரொம்ப அசதியா இருக்கு. அதனால நான் நினைக்கிறதை நீ நம்பாதே."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீதானே டீச்சர். உனக்கே தெரியலைன்னா எப்படி?" என்று படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை போகவேண்டிய உறைகள் பாதிக்குமேல் அப்படியே இருந்தன. மெஷினைத் தொட முடியவில்லை. ஓட்டினால் ஒரு பதில் என்று எடுத்துக்கொள்வாள், ஓட்டி நிறுத்தினால் இன்னொரு பதில் என்று எடுத்துக்கொள்வாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாகப் பட்டப்பகலில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. பால்கனிக் கதவு திறந்தது.

பள்ளியில் சேர்வது என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தாள். தாளின் பின்பக்கம் புடைக்கிற அளவுக்கு அழுத்தி.

ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அன்னைக்கு அந்த ரூம்ல ஒரு பொண்ணு இருந்தாம்மா. மேடம் அவகிட்ட வாயாலயே கணக்குக் கேட்டாங்க. அவ தப்பா சொன்னா. மறுபடியும் கேட்டாங்க, மறுபடியும் தப்பா சொன்னா."

"அப்புறம்?"

"ஒண்ணும் ஆகல. மேடம் பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பொண்ணு அடுத்த கணக்குக்குப் போயிட்டா. எதுவும் நிக்கல."

அவள் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"இங்க நான் தப்பு சொன்னா நீ நிறுத்திடுறே. அப்புறம் உனக்கு வேலை லேட்டாயிடும். வேன் மாமா வந்து நிப்பாரு. அப்புறம் நீ இப்படிப் பண்ணுவே" என்று புறங்கையால் இரண்டு கண்ணையும் தேய்த்துக் காட்டினாள். நான் தேய்ப்பது போலவே இருந்தது. "அதான் நிக்கிறதுக்குள்ள வேற சொல்லிடுவேன்."

கத்துகிறார்கள் என்றுதான் அவளை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். இந்த வீட்டில் ஒருநாள்கூட அவளிடம் கணக்குக்காகக் கத்தியதில்லை, அதில் எனக்கு எவ்வளவு பெருமை. அழுகை வந்தது. மறைக்கவில்லை. மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"வயித்து வலி வந்தா என்னடி பண்ணுவே?"

"வந்தா சொல்றேன்."

"கத்துவாங்களே."

"ஏன் கத்துறீங்கன்னு கேப்பேன்." கொஞ்சம் யோசித்தாள். "மொத நாள் கேக்கமாட்டேன். பயமா இருக்கும். அப்புறமா கேப்பேன்."

படிவத்தை என் பக்கம் தள்ளினாள். கையெழுத்து போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். போட்டேன். பெயரின் கடைசி எழுத்து கீழே இறங்கிவிட்டது. அவள் மை காய ஊதினாள், நாலாக மடித்தாள், என் கைப்பையைத் திறந்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தாள்.

சரியாம்மா என்று கேட்பாள் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்கவில்லை.